சமையல்கட்டு வழியாக ஒரு காற்றுக் குழாய்

நான் பல் செய்கிறவள். இப்படிச் சொன்னால் சிலர் என்னை டாக்டர் என்று நினைத்து உடனே வாயைத் திறந்து காட்டுவார்கள். டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்புகிற அச்சை வைத்து, அந்த வாய்க்குப் பொருந்துகிற, பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப்பையோ பல் செட்டையோ செய்து கொடுக்கிற டெக்னீஷியன். தில்லை நகரில் ஒரு லேபில் பல வருஷம் இந்த வேலை பார்த்தேன். பல்லைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாரா என்பதெல்லாம் அச்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

லேப் முதலாளி, வெளிநாட்டில் இருக்கிற மகனோடு போய்த் தங்குவதென்று முடிவு செய்து லேபை மூடினார். எங்களில் சிலர் சென்னைக்குப் போனார்கள். எனக்குப் போக மனமில்லை. எங்களுக்கு வழக்கமாக வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரம்மா, "நீங்க தனியா ஆரம்பிங்க. என் கேஸெல்லாம் உங்களுக்குத்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முன் அறையை லேபாக மாற்றினேன்.

எங்கள் வீடு அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது. அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசலை ஒட்டி முன் அறை, பிறகு கூடம், பிறகு சமையல்கட்டு, அதற்கும் பின்னால் கொல்லை. வெளிச்சம் நன்றாக வருவது முன் அறையில்தான். அதனால் மேஜை, சூளை, பாலீஷ் போடுகிற மெஷின் எல்லாம் அங்கே வந்துவிட்டன. கம்ப்ரஸரைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காற்றை உறிஞ்சி ஒரு இரும்புத் தொட்டிக்குள் அமுக்கி அடைத்துவைக்கிற மோட்டார் அது. பஞ்சர் கடையில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். எனக்கு அது இல்லாமல் வேலை ஓடாது. கேப்பின் உட்புறத்தில் பொடி மணலைப் பீச்சிச் சொரசொரப்பாக்க வேண்டும், சின்னக் கருவியைச் சுழற்ற வேண்டும், தூசியை ஊத வேண்டும். எல்லாவற்றுக்கும் காற்றுதான். ஆனால் அது போடுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராலும் பல் செதுக்க முடியாது. கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அங்கே வைத்தோம். இனி கொல்லையிலிருந்து முன் அறைக்குக் காற்று வர ஒரு குழாய் வேண்டும். அது சமையல்கட்டைத் தாண்டித்தான் வர வேண்டும்.

எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் லைன் போட்டவரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர், சொன்ன நாளில் வருகிற பிளம்பர். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயே போதும் என்றார்.

"மாடி டாங்க்குக்கு ஏறுற தண்ணியையே தாங்குதுங்க. காத்துக்கு வெயிட்டே கிடையாது, அதைத் தாங்காதா?"

என் கணவர் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். எதையும் படித்துப் பார்க்காமல் விடமாட்டார். குழாயின் மேல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அச்சடித்திருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தார். எங்கள் கம்ப்ரஸரின் அழுத்தம் அதைவிடக் குறைவுதான். திருப்தியாகத் தலையாட்டினார். ஒரே நாளில் வேலை முடிந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சமையல்கட்டுச் சுவரை ஒட்டி வெள்ளைக் குழாய் நேராக ஓடியது. அடுத்த வாரமே என் கணவர் அதில் ஈரத் துண்டைக் காயப்போட ஆரம்பித்துவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது முதல் தொல்லை வந்தது. மணல் பீச்சுகிற பெட்டியில் மணல் கட்டிகட்டியாக அடைத்துக்கொண்டது. தூசி ஊதுகிற முனையிலிருந்து துளித் துளியாகத் தண்ணீர் தெறித்தது. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் இருக்கிற ஊரில் காற்றில் ஈரம் இல்லாமல் இருக்குமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மணலை வெயிலில் காயவைத்தேன். வெயிலும் இல்லை.

ஒரு இரண்டாம் சனிக்கிழமை. அவருக்கு லீவு. மதியச் சாப்பாடு முடிந்து நான் முன் அறையில் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் குரல் கொடுத்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்து, துண்டைக் குழாயில் போட்டுவிட்டு, "வரேன்ப்பா, வரேன்" என்று அவர் என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார்.

அப்போதுதான் வெடித்தது.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் கையில் சுழன்றுகொண்டிருந்த கருவி அப்படியே நின்றுபோயிருந்தது. பின்னாலிருந்து ஓவென்று ஊளை மாதிரி ஒரு சத்தம். ஓடினேன். சமையல்கட்டு முழுக்க வெள்ளைச் சில்லுகள். எண்ணெய் பாட்டில் உடைந்து மேடையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. சுவர் காலண்டரில் ஒரு சில்லு கத்தி மாதிரி குத்தி நின்றது. குழாயின் பாதி சுவரில் இல்லை. மிச்சப் பாதியின் உடைந்த வாயிலிருந்து காற்று பீறிட்டுக்கொண்டிருந்தது. கொல்லையில் கம்ப்ரஸர் எதுவும் தெரியாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஊளை மெதுவாக இறங்கி நின்றது.

என் கணவர் சிலிண்டரை அப்படியே கூடத்தில் வைத்துவிட்டுச் சமையல்கட்டு வாசற்படியில் நின்றார். துண்டைக் கீழேயிருந்து எடுத்தார். நாலைந்து இடத்தில் கிழிந்திருந்தது. ஒரு கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்" என்றார்.

நான் போனை எடுத்து என் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

அவள் என் கணவருக்குத் தங்கை. பொன்மலையில் ரயில்வே வேலை. ரயில் பெட்டியில் பிரேக் பிடிப்பது காற்றால்தான், அந்தக் காற்றுக் குழாய்களைக் கழற்றி மாட்டிச் சோதிக்கிற பிரிவில் இருந்தாள். அண்ணனும் தங்கையும் அப்போது பேசிக்கொள்வதில்லை. அதற்கு முந்தின வருஷம் அவளுக்கு ஒரு இடம் பேசி முடிக்கிற கட்டத்துக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில், பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். அவள் முடியாது என்றாள். ஊர் கூடிய இடத்தில் அவமானப்பட்டதாக இவர் குதித்தார். "இனிமே உன் விஷயத்துல நான் தலையிட மாட்டேன்" என்றார். "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பொன்மலைக் குடியிருப்புக்குப் போய்விட்டாள். நான் மட்டும் அவ்வப்போது போனில் பேசுவேன். அவள் அண்ணனைப் பற்றிக் கேட்கமாட்டாள். நானும் சொல்லமாட்டேன்.

நடந்ததைச் சொன்னேன்.

"யாருக்காவது அடிபட்டுதா, அண்ணி?"

"இல்லம்மா."

"அண்ணன்?"

"பக்கத்துலதான் நிக்கிறாரு. ஒண்ணும் ஆகல."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "என்ன குழாய் போட்டீங்க?"

"வெள்ளைப் பிளாஸ்டிக்."

"கம்ப்ரஸரை ஆன் பண்ணாதீங்க. தொட்டியில மிச்சக் காத்து இருந்தா அடியில இருக்கிற வால்வைத் திறந்து விட்டுடுங்க. சுவர்ல இருக்கிற மிச்சக் குழாய்க்கிட்ட யாரும் போகவேணாம். நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான். வரேன்."

மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தோளில் கான்வாஸ் பை. என் கணவர் பேப்பரை மடித்தார். "வா" என்றார். "ம்" என்றாள். அவ்வளவுதான். நேராகச் சமையல்கட்டுக்கு வந்து, நான் பெருக்கி ஒரு முறத்தில் வைத்திருந்த சில்லுகளைக் கிளறிப் பார்த்தாள். விளிம்பெல்லாம் உடைந்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"தண்ணியை அமுக்க முடியாது, அண்ணி. தண்ணிக் குழாய் விட்டா ஒரு கீறல் விழும், ஒழுகும், அவ்வளவுதான். காத்து அப்படி இல்ல. ஸ்பிரிங் மாதிரி சுருண்டு உக்காந்திருக்கும். ஒரு இடம் லேசா விட்டுக்குடுத்தா போதும், சுருண்டதெல்லாம் ஒரே நேரத்துல விரியும். இந்தப் பிளாஸ்டிக் வளையாது, கிழியாது. இப்படிச் சில்லாத்தான் பறக்கும்."

"குழாய் மேலயே அழுத்தம் போட்டிருந்துது. நம்மளுது அதைவிடக் கம்மிதான்" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அவள் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். "அந்த நம்பர் தண்ணிக்கு, அண்ணி. அதுவும் சூடில்லாத தண்ணிக்கு. கம்ப்ரஸர்லேர்ந்து காத்து சூடாத்தான் வரும். அதோட மோட்டார் ஆடுற ஆட்டமெல்லாம் நேராக் குழாய்க்கு வந்திருக்கு."

"அப்ப கம்ப்ரஸரை முன் ரூம்லயே வெச்சிட்டா குழாயே வேணாமேன்னு கேளு" என்றார் இவர், என்னிடம்.

"நாள் முழுக்க அந்தச் சத்தத்துல உக்காந்தா உங்க காது போயிடும்னு சொல்லுங்க" என்றாள் அவள், அதுவும் என்னிடம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சுவர்தான் இருக்கு. நான் என்ன மைக்கா?" என்று கரண்டியை வைத்துவிட்டு முன் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். இட்லிப் பானை ஆவியடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் குரல்.

"செம்புக் குழாய் போடலாம், அண்ணே. கனமானது."

"செம்பா? வீட்டுக்கா?"

"நீ டெங்கு வந்து ஆஸ்பத்திரியில படுத்திருந்தியே, உன் தலைமாட்டுல சுவரோட ஒரு குழாய் போச்சே, பாத்தியா? ஆக்ஸிஜன் லைன். அது செம்புதான். துருப்பிடிக்காது, உள்ளேர்ந்து செதில் உதிராது. எவ்வளவு அமுக்கினாலும் வெடிச்சுச் சில்லாப் பறக்காது."

அவர் டெங்குவில் படுத்திருந்தபோது ராத்திரி முழித்துக் காவல் இருந்தவள் அவள்தான். அவர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை. "சரி, என்ன வாங்கணும்னு சொல்லு" என்றார்.

மத்தியானம் பிளம்பர் வந்தார். தெருவில் கேள்விப்பட்டிருக்கிறார். முறத்தில் கிடந்த சில்லுகளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. யாரும் அவரைத் திட்டவில்லை. அவரே சொன்னார்: "டிங்கரிங் கடை ஒண்ணுக்கும் ஒரு டயர் கடைக்கும் இதே குழாய்தாம்மா போட்டிருக்கேன்." சொல்லிவிட்டு உட்காரக்கூட இல்லை. உடனே அந்த இரண்டு கடைக்கும் போன் போட்டு, கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார். டயர் கடைக்காரர் சிரித்திருக்கிறார் போலிருக்கிறது. "அண்ணே, சிரிக்காதீங்க. நான் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்" என்று பிளம்பர் கத்தினார். பிறகு என் நாத்தனாரிடம், "நீங்க போடும்போது நானும் கூட நிக்கிறேங்க. கத்துக்கிட்டு அவங்களுக்கும் மாத்திக் குடுத்துடறேன்" என்றார். அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. "வாங்க, கிளாம்ப் அடிக்க ஆள் வேணும்" என்றாள்.

வேலை அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. அதுவரை அவசரமான கேஸ்களை மட்டும், பழைய லேபில் என்னோடு இருந்த ஒருவர் தன் வீட்டில் வைத்திருந்த கம்ப்ரஸரில் செய்து சமாளித்தேன்.

முதலில் கம்ப்ரஸருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு கனத்த ரப்பர் ஹோஸ் வைத்தாள். மோட்டாரின் ஆட்டம் அதோடு நின்றுவிடும். அதை ஒட்டி ஒரு வால்வு. அதை மூடினால் வீட்டுக்குள் போகிற காற்று நிற்கும், குழாயில் மிச்சம் இருப்பதும் வெளியே போய்விடும். பிறகு சுவரில் நூல் கட்டி ஒரு கோடு போட்டாள். கோடு நேராக இல்லை. கொல்லையிலிருந்து முன் அறை வரைக்கும் லேசாகச் சரிந்துகொண்டே வந்தது. என் கணவருக்கு அது பொறுக்கவில்லை.

"கோணலா இருக்கு."

"கோணலாத்தான் இருக்கணும், அண்ணே. காத்துல இருக்கிற ஈரம் குழாய்க்குள்ள குளிர்ந்து தண்ணியாகும். அது எங்க போகணும்னு நாமதான் முடிவு பண்ணணும். நாம சொல்லலேன்னா அது அண்ணி செய்யிற பல்லுக்குள்ள போய் உக்காந்துக்கும்."

சரிவின் கடைசியில், தாழ்வான முனையில், தண்ணீரைத் திறந்துவிட ஒரு சின்ன வால்வு. என் மேஜைக்குக் காற்று வருகிற கிளையை அவள் குழாயின் அடியிலிருந்து எடுக்கவில்லை. மேல் பக்கத்திலிருந்து எடுத்து, குடைக் கைப்பிடி மாதிரி வளைத்துக் கீழே இறக்கினாள். தண்ணீர் குழாயின் அடியோடு ஓடிவிடும், காய்ந்த காற்று மட்டும் மேலேறி வளைந்து எனக்கு வரும். அவ்வளவு சின்ன விஷயம். மழைக்காலமெல்லாம் நான் காயவைத்த மணலை நினைத்துக்கொண்டேன்.

இணைப்புகளை நெருப்பில் காய்ச்சி ஒட்ட வேண்டும். முழு சிலிண்டர், காலி சிலிண்டர் இரண்டையும் முதலில் தெருப்பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். ஜன்னலெல்லாம் திறந்தாள். ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில் வைத்தாள். தீ நாக்கு பட்டதும் செம்பு முதலில் மங்கி, பிறகு சிவந்தது. ஒட்டுக் கம்பியைத் தொட்டதும் அது உருகி இணைப்பின் இடுக்கைச் சுற்றித் தானாகவே உள்ளே ஓடியது. எனக்கு அது புதிதில்லை. கேப்புக்கு உலோகம் உருக்கி வார்க்கிறபோது நானும் இதே மாதிரி தீயின் நிறத்தைப் பார்த்துத்தான் வேலை செய்வேன். முன் அறையில் கடைசி இணைப்பு வந்தபோது கேட்டேன்: "இதை நான் ஒட்டட்டுமா?"

அவள் ஒரு நொடி யோசித்துவிட்டு டார்ச்சை என்னிடம் கொடுத்தாள். நான் ஒட்டி முடித்ததும் பக்கத்தில் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அண்ணி, உங்க கை பரவால்லயே. பொன்மலைக்கு வந்துடறீங்களா?"

பிளம்பர் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அந்த வீட்டில் அவள் இருக்கும்போது அவர் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

குழாய் முழுவதும் போட்டு முடித்ததும் கம்ப்ரஸரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நான் எழுந்தேன். அவள் தடுத்துவிட்டாள். முதல் சோதனை காற்றால் செய்யக் கூடாதாம். குழாய்க்குள் தண்ணீர் நிரப்பி, கையால் அடிக்கிற ஒரு சின்ன பம்பை மாட்டி, நாங்கள் எப்போதும் வைக்கப்போகிற அழுத்தத்துக்கும் மேலே ஏற்றினாள். "எங்கயாவது பலவீனம் இருந்தா இப்பவே தெரியட்டும். தண்ணியா இருந்தா சொட்டும். காத்தா இருந்தா வெடிக்கும்." அழுத்தம் காட்டுகிற முள்ளு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிளம்பர் சாப்பிடப் போனார். நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து கதவு வழியாக முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீவி பார்க்கிறமாதிரி எல்லாருடைய முகமும் ஒரே பக்கம் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ அவள் பேச ஆரம்பித்தாள்.

"அந்த இடம் தவறிப்போனதுல எனக்கு வருத்தமே இல்ல, அண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேலையை விடறதைப் பத்தி அவகிட்ட பேசிக்கலாம்னு நீ அவங்ககிட்ட சொன்னியாமே. அதுதான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

முள்ளு அசையாமல் நின்றது. அவர் தொண்டையைச் செருமினார்.

"கையெழுத்துப் போட்டு வேலையில சேந்த அன்னிக்கு நீ யூனிபாரத்தோட வந்து நின்னப்ப, நான் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு போனேன். அதை நானே விடச் சொல்லுவேனா? அவங்க எல்லாரும் உக்காந்திருந்தாங்க. வாய்ல முடியாதுன்னு வரல." கொஞ்சம் நிறுத்தினார். "அங்கயே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் காபி போடுகிற சாக்கில் எழுந்தேன். அப்போது அவரே, "முள்ளு இறங்குது பாரு" என்றார்.

உண்மைதான். லேசாக இறங்கியிருந்தது. எல்லாரும் எழுந்து இணைப்பு இணைப்பாக விரலால் தடவிப் பார்த்தோம். என் இணைப்பு காய்ந்திருந்தது. கொல்லைக் கதவுக்கு மேலே, அவள் ஒட்டிய இணைப்பில் ஒரு துளி திரண்டு நின்றது.

"ஒர்க்‌ஷாப்லயும் இப்படித்தான் ஒட்டறியா?" என்றார் அண்ணன்.

அவள் அண்ணாந்து அந்தத் துளியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணீரையெல்லாம் வடித்து, காயவைத்து, அந்த இடத்தை அறுத்துவிட்டு மறுபடி ஒட்டினாள். மறுபடி சோதனை. இந்த முறை பிளம்பரும் வந்து எங்களோடு உட்கார்ந்தார். முள்ளு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் காற்று. முதலில் குறைந்த அழுத்தத்தில் விட்டு, குழாயில் தங்கியிருந்த ஈரத்தையெல்லாம் ஊதித் தள்ளினாள். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். சோப்புத் தண்ணீரைக் குழைத்து ஒவ்வொரு இணைப்பிலும் பூசினோம். எங்கும் நுரை குமிழியவில்லை. என் மேஜையில் ஊதுகிற முனையைத் திறந்தேன். சுத்தமான, காய்ந்த காற்று வந்தது. என் கணவர் ஆசையாக அதை வாங்கி, சட்டையில் படிந்திருந்த சிமெண்டுத் தூசியை ஊதப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"உடம்புல மட்டும் பிடிக்காதே, அண்ணே. தோல்ல சின்னக் கீறல் இருந்தா அது வழியா உள்ள பூந்துடும். கண்ணு, காது போயிடும். சட்டையைக் கழட்டி உதறு."

அவர் முனையை மேஜையில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்ச் சட்டையை உதறினார். கிளம்புவதற்கு முன் எனக்கு இரண்டு விஷயம் சொன்னாள். தினமும் வேலை முடிந்ததும் தொட்டியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி உள்ளேயே துருப்பிடித்து ஒரு நாள் அதுவும் வெடிக்கும். தொட்டியின் தலையில் இருக்கிற சேஃப்டி வால்வு எப்போதாவது சீறினால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம், யார் சொன்னாலும் அதை இறுக்கி அடைக்கக் கூடாது. அன்று இரவு அவள் பொன்மலைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில்தான் தூங்கினாள்.

பிளம்பர் டயர் கடையிலும் டிங்கரிங் கடையிலும் குழாயை மாற்றிவிட்டார். அங்கே இரும்புக் குழாய். டயர் கடையில் சோதனைக்கு அவளையே கூட்டிக்கொண்டு போனார். இப்போது காற்று லைன் என்றால் அந்தப் பக்கத்தில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பழைய பிளாஸ்டிக் லைனைப் பார்த்தால் அதை எடுக்காமல் கிளம்புவதில்லை என்று கேள்வி.

எனக்கும் வேலை சூடுபிடித்தது. டாக்டரம்மா முதலில் அனுப்பிய பெரிய கேஸ் ஒரு பஸ் கண்டக்டருடையது. படியிலிருந்து விழுந்து முன்பற்கள் போய்விட்டன. "அவருக்குச் சிரிக்கிறது முக்கியமில்லையாம். விசில் அடிக்கணுமாம். பல் இல்லாததுல காத்து போயிடுதாம்" என்றார் டாக்டரம்மா போனில். நானே ஒரு விசிலை வாங்கி வந்து, உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் அது எப்படி உட்காருகிறது என்று கண்ணாடி முன் நின்று பார்த்தேன். என் கணவர் கூடத்திலிருந்து, "டிக்கெட் எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்றார். கேப்பின் உட்புறம் சீராக வந்தது. மணல் ஒரு இடத்தில்கூடக் கட்டி தட்டவில்லை. மாட்டிவிட்ட அன்று கண்டக்டர் கிளினிக்கிலேயே ஒரு விசில் அடித்து, காத்திருந்தவர்களையெல்லாம் திடுக்கிடவைத்தாராம். டாக்டரம்மா அந்த விசிலை போனில் பதிவு செய்து அனுப்பினார். நான் அதைப் பல தடவை கேட்டேன்.

பங்குனியில் என் நாத்தனாருக்குப் பதவி உயர்வு வந்தது. பரீட்சை எழுதியதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். சில மாதம் வெளியூரில் பயிற்சி. தகவலைச் சொல்ல அண்ணனுக்குத்தான் முதலில் போன் செய்தாள். அவர் மன்னார்புரம் போய் ஸ்வீட் வாங்கிக்கொண்டு ஆபீசில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத்தான் எனக்கே சொன்னார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அவள் பயிற்சிக்குப் போவதற்கு முந்தின நாள் இவர் ஒரு ஆட்டோவை எடுத்துக்கொண்டு பொன்மலைக்குப் போனார். அவள் பால்கனியில் தொட்டி தொட்டியாகச் செடி வளர்த்திருந்தாள். ஆள் இல்லாவிட்டால் வெயிலில் காய்ந்துவிடும். காவிரிப் பாலம் வழியாக ஆட்டோ வந்தபோது பின் சீட்டில் முழுக்கச் செம்பருத்தியும் கற்பூரவல்லியும் உட்கார்ந்திருக்க, இவர் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு மடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியோடு வந்து இறங்கினார். பின்னாலேயே அவள் ஸ்கூட்டர்.

"எதுக்கு எவ்வளவு தண்ணின்னு சொல்லு" என்றார்.

"கறிவேப்பிலைக்கு நிறைய ஊத்தாதே, அண்ணே. வேர் அழுகிடும்."

"தெரியும், தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்?" என்று அவள் தொட்டியைக் கையிலிருந்து வாங்கி, வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கொல்லையில் இடம் தேட ஆரம்பித்தாள்.